“இன்ஷா அல்லாஹ், நாளை தருகிறேன்”: தொழிலில் தவணை என்னும் அமானிதம்



பெருநாளுக்கு இரண்டு நாள்கள் இருக்கும்போது தையற்கடை வாசலில் காத்து நிற்கும் தாய்மார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரமளான் முதல் வாரத்திலேயே துணியைக் கொடுத்திருப்பார்கள். இருபதாம் நோன்பன்று தருவதாகச் சொன்ன தையற்காரர் இருபத்தைந்துக்கு மாற்றியிருப்பார். இருபத்தைந்தாம் நோன்பன்று கேட்டால், “இன்ஷா அல்லாஹ், நாளைக்கு நிச்சயம்” என்பார். பிறை தெரிந்த இரவில் அரைகுறையாகத் தைத்த உடையைக் குழந்தைக்காக வாங்கிச் செல்லும் தாயின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தச்சரிடமும் கொத்தனாரிடமும் அச்சகத்திலும் நடப்பது இதுதான். தோல் தொழிலில் இருக்கும் நாமும் இதற்கு விலக்கல்லர்.

தொழுகையை அதன் நேரத்தில் நிறைவேற்றுவதில் கண்ணும் கருத்துமாக இருக்கும் நம் சமுதாயம், வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரத்தைக் காப்பதில் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறது என்னும் கேள்வி நெடுநாளாக என் மனத்தில் இருந்து வருகிறது. இதை உபதேசமாக எழுதவில்லை. இந்தத் தவற்றைச் செய்தவன் என்னும் தகுதியில் எழுதுகிறேன்.

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் விரிஞ்சிபுரம். இவ்வூரின் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலழகுக்குப் பெயர் பெற்றது. அக்கோயிலில் நேரம் காட்டும் பழங்காலக் கல் ஒன்று உண்டு. சூரிய ஒளியில் அதன் மீது விழும் நிழலைக் கொண்டு அந்தக் காலத்து மக்கள் பொழுதை அறிந்தார்கள். நம் முன்னோரும் கடிகாரம் வருவதற்கு முன் நிழலின் நீளத்தைப் பார்த்தே லுஹரையும் அஸரையும் கணித்தார்கள். நிழல் யாருக்காகவும் கூடாது, குறையாது. வாடிக்கையாளர் முகம் வாடும் என்பதற்காக அது ஒரு மணி நேரத்தை மறைப்பதில்லை. மேகம் மூடிய நாளில் பேசாமல் இருக்குமே தவிரப் பொய்யான நேரத்தைக் காட்டாது. மனிதர்களாகிய நாம்தான் நமக்குத் தெரியாத நாளையும் தெரிந்ததுபோல் சொல்லிவிடுகிறோம்.

தோலுக்கு அவசரம் தெரியாது

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் இந்தப் பட்டையில் தோல் தொழில் தொடாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது அரிது. முதலாளியாகவோ தொழிலாளியாகவோ தரகராகவோ, வீட்டுக்கு ஒருவராவது இதில் இருப்பார். இந்தத் தொழில் நமக்குக் கற்றுத் தரும் முதல் பாடம், பொருளுக்கென்று ஒரு காலம் உண்டு என்பதே.

உப்பிட்டு வரும் பச்சைத்தோலை முதலில் ஊறவைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பில் இட்டு மயிர் நீக்க வேண்டும். சதை நீக்கி, சுண்ணாம்பைப் போக்கி, அமிலமும் உப்பும் சேர்த்துப் பக்குவப்படுத்திய பின்னரே குரோமில் பதனிட முடியும். நீலம் பாய்ந்த அந்த ஈரத்தோலைப் பிழிந்து, செதுக்கிச் சமன்படுத்தி, மறுபதனம் செய்து, சாயமும் எண்ணெய்ச் சத்தும் ஏற்றி, உலர்த்தி, மென்மையாக்கி, இறுதி மெருகு பூசுவதற்குள் வாரக்கணக்கில் நாள்கள் ஓடிவிடும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட பழைய காலத்தில் இதைவிட அதிகப் பொறுமை தேவைப்பட்டது. இன்று டிரம்மும் இரசாயனமும் வேகத்தைக் கூட்டியிருக்கின்றன. ஆயினும் அவசரப்படுத்தினால் தோல் பழிவாங்கும். சுண்ணாம்பில் போதிய நேரம் இல்லாத தோலில் மயிர்வேர் தங்கும். சரியாக உலராமல் மெருகு பூசிய தோலில் பூச்சு உரியும். குறை உடனே தெரியாமல் காலணி வாங்கியவரின் காலில் தெரியவரும்.

இதோடு ஐப்பசி, கார்த்திகை மழையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் உலர்த்தும் வேலை இருமடங்கு நாளாகும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது போக்குவரத்தே தடுமாறியது. இவை எல்லாம் நமக்குத் தெரியும். எங்கள் தந்தையார் டிரம்மருகே நின்றே முதுமை அடைந்தவர். மேகத்தைப் பார்த்தே இந்த வாரச் சரக்கு எந்த வாரம் போகும் என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் எதிரே அமர்ந்ததும் இந்த அறிவு எல்லாம் எங்கே போகிறது என்பதுதான் வியப்பு.

நான் கொடுத்த ஒரு தேதி

காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் தொழிலை நான் தொடங்கிய புதிதில், ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. எங்களிடம் இருந்த இயந்திரங்களுக்கும் ஆள்களுக்கும் முப்பத்தைந்து நாள் வேலை அது. “இருபது நாளில் முடியுமா?” என்று கேட்டார்கள். முடியாது என்பது எனக்குத் தெரியும். “இன்ஷா அல்லாஹ், முடித்துவிடலாம்” என்றேன். வேறொருவரிடம் ஆர்டர் போய்விடுமே என்னும் அச்சம் ஒன்றுதான் காரணம்.

அது ரமளான் மாதம். பத்தாம் நாளிலேயே வேலை பின்தங்கிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு வீடு செல்ல வேண்டிய பெண்களை இரவு எட்டு மணி வரை நிறுத்தினேன். நோன்பு திறக்கும் நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் கஞ்சியும் கொடுத்தேன். அவர்கள் தையல் இயந்திரத்தின் பக்கத்திலேயே நோன்பு திறந்தார்கள். அன்று ஒரு பெண் என்னிடம் கேட்டது இன்றும் காதில் ஒலிக்கிறது. “பாய், தேதி குடுக்கறதுக்கு முன்னாடி எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.” அந்தச் சொல்லில் கோபம் இல்லை. அதனால்தான் அது சுட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் இருபது நாளில் முடியவில்லை. கப்பல் தவறியது. சரக்கு விமானத்தில் சென்றது. அந்தச் செலவில் என் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். கிடைக்க வேண்டிய இலாபம் கரைந்தது. இழந்த பணத்தை அல்லாஹ் வேறு வழியில் தந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பெண்கள் தம் பிள்ளைகளோடு அமர்ந்து நோன்பு திறந்திருக்க வேண்டிய அந்த மாலைகளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பொய்த் தேதி கொடுப்பவர் தம் நாக்கால் கொடுக்கிறார். அதற்கான விலையைக் கொடுப்பவர்களோ வேறு ஆள்கள். அந்த விலை தொழிலாளியின் உறக்கத்திலும், கொத்தனாரை நம்பிப் பழைய வீட்டைக் காலி செய்தவரின் வாடகையிலும், நிக்காஹ் நாளன்று உடை வந்து சேராத மணமகளின் கண்ணீரிலும் வசூலாகிறது. இது மனிதர்களின் ஹக். மனிதர்களின் ஹக்கை அவர்கள் மன்னித்தாலன்றி எளிதில் விடுபட முடியாது என்பதை நாம் பயான்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு இறைநம்பிக்கையாளர்களை அழைத்துக் கட்டளையிடுகிறது திருக்குர்ஆன் (5:1). வாக்குறுதி குறித்து மறுமையில் விசாரிக்கப்படும் என எச்சரிக்கிறது (17:34). செய்யாததைச் சொல்வது அல்லாஹ்விடம் மிகுந்த வெறுப்புக்குரியது என்கிறது (61:2-3). நயவஞ்சகனின் அடையாளங்கள் மூன்று என எண்ணிய நபி (ஸல்) அவர்கள், வாக்களித்தால் மாறுசெய்வதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள் (புகாரி 33).

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நிறைவேற்றும் நிய்யத்தோடு வாக்களித்து, பிறகு எதிர்பாராத தடையால் முடியாமல் போனவரை இந்தக் கண்டனம் சேராது என அறிஞர்கள் விளக்குகிறார்கள். இது நமக்கு ஆறுதல். அதே வேளையில் இது நம்மை நோக்கி நீளும் கேள்வியுமாகும். தேதி சொன்ன அந்த நொடியில், அது முடியாது என்பது நமக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால், பிற்பாடு வந்த மழையையும் மின்வெட்டையும் காரணம் காட்ட நமக்கு உரிமை இல்லை.

வணிகத்தில் தவணையைத் தெளிவாக்குவது மார்க்கத்தின் அடிப்படைகளில் ஒன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ள மக்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னதாகவே பேரீச்சம்பழத்துக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். அந்த வழக்கத்தை அவர்கள் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை விதித்தார்கள் (புகாரி 2240). முன்பணம் வாங்கிக்கொண்டு, “வரும்போது தருகிறேன்” என்று சொல்ல இடமில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, குறித்த தவணைக்குக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ளப் பணிக்கிறது.

நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது ‘இஸ்திஸ்னாஃ’ என்னும் ஒப்பந்தம். இல்லாத ஒரு பொருளைச் செய்து தருமாறு கைவினைஞரிடம் ஒப்படைப்பதே அது. கையில் இல்லாததை விற்கலாகாது என்னும் பொதுவிதிக்கு மாறாகத் தோன்றினாலும், மக்களின் தேவையையும் நடைமுறையையும் கருதி ஹனஃபி இமாம்கள் இதை அனுமதித்தார்கள். இதில் தவணை குறித்தால் அது ‘ஸலம்’ ஆகிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இஸ்திஸ்னாஃவாகவே நீடிக்கும் என்பது அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்து. செருப்பும் பாத்திரமும் செய்யச் சொல்லும் எளிய விவகாரத்தில் தவணை என்ன செய்யும் என்பதை அந்த மேதைகள் இவ்வளவு ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இவ்வொப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் எனத் தீர்மானித்தது. பொருளின் வகை, தன்மை, அளவு ஆகியவற்றோடு தவணையையும் குறிக்க வேண்டும் என்றது. தவிர்க்க இயலாத சூழ்நிலை நீங்கலாக, தாமதத்துக்கு இழப்பீட்டு நிபந்தனை வைக்கவும் இடம் கொடுத்தது.

மூஸா (அலை) காட்டும் வழி

நாளைச் சரியாகச் சொல்ல முடியாத வேலைகளும் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். அதற்கும் திருக்குர்ஆனில் அழகிய முன்மாதிரி இருக்கிறது. மத்யனில் அடைக்கலம் தேடிய மூஸா (அலை) அவர்களிடம் அந்த முதியவர், எட்டு ஆண்டுகள் தமக்கு வேலை செய்ய வேண்டும் என்றும், பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம் என்றும் கூறினார். தாம் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றார். இன்ஷா அல்லாஹ் என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது குற்றம் இருக்கலாகாது என மூஸா (அலை) உறுதிப்படுத்திக்கொண்டு, தங்கள் பேச்சுக்கு அல்லாஹ்வைப் பொறுப்பாளனாக்கினார்கள் (28:27-28).

ஓர் உடன்படிக்கையில் இருக்க வேண்டிய அனைத்தும் இதில் இருக்கின்றன. குறைந்த காலம் எது, அதிக காலம் எது, இடைப்பட்டது யார் விருப்பம், எதற்குக் குற்றம் சாட்டக்கூடாது என்பன எல்லாம் தொடக்கத்திலேயே பேசப்பட்டுவிட்டன. எந்தத் தவணையை மூஸா (அலை) நிறைவேற்றினார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, கூடுதலானதையும் சிறந்ததையுமே நிறைவேற்றினார்கள் என்றும், இறைத்தூதர் சொன்னால் செய்வார் என்றும் பதிலளித்தார்கள் (புகாரி 2684).

அந்த முதியவர் ‘இன்ஷா அல்லாஹ்’ சொன்ன இடத்தைப் பாருங்கள். எட்டு, பத்து என்று எண்ணைத் தெளிவாக்கிய பிறகே சொல்கிறார். நாமோ எண்ணை மறைப்பதற்கு அந்தச் சொல்லைத் திரையாக்குகிறோம். நாளை செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ்வின் நாட்டத்தை இணைத்துச் சொல்லுமாறு கற்பிக்கிறது திருக்குர்ஆன் (18:23-24). மனிதனின் பணிவைக் காட்டும் அந்தச் சொல் இன்று நம் கடைவீதிகளில், “இவர் தரமாட்டார்” என்பதன் மறுபெயராகிவிட்டது. முஸ்லிமல்லாத வாடிக்கையாளர்கூட, “இன்ஷா அல்லாஹ் எல்லாம் வேண்டாம் பாய், உண்மையில் எப்போது கிடைக்கும்?” என்று கேட்கும் நிலை வந்திருக்கிறது. அல்லாஹ்வின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் சொல்லுக்கு இந்த இழிவைத் தேடித் தந்தவர்கள் நாம்தாம்.

“உண்மை சொன்னால் ஆர்டர் போய்விடுமே”

இந்த அச்சம் பொய்யானதன்று. முப்பத்தைந்து நாள் என்று சொன்னால் சிலர் போய்விடத்தான் செய்வார்கள். எனக்கும் போயிருக்கிறது. ஆனால் போனவர்களில் சிலர், இருபது நாள் சொன்னவரிடம் நாற்பது நாள் காத்திருந்துவிட்டு, அடுத்த முறை திரும்பி வந்தார்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்கள் வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (புகாரி 2079). ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என நம்புகிறவர், பொய்த் தேதியின் கையில் அதை ஒப்படைக்கலாமா?

நடைமுறையில் நான் கடைப்பிடிக்கத் தொடங்கியவற்றைச் சொல்கிறேன். வேலை செய்யப்போகிறவர்களைக் கேட்காமல் தேதி கொடுப்பதில்லை. மழை மாதத்துக்கும் ரமளானுக்கும் தனிக் கணக்கு வைக்கிறேன். இத்தனை நாளுக்கு முன் முடியாது, இத்தனை நாளைத் தாண்டாது என இரண்டு எண்களை எழுதிக் கொடுக்கிறேன். தோல் வந்து சேர்ந்து, நிறமும் மாதிரியும் உறுதியான நாளிலிருந்தே கணக்கு தொடங்கும் என்பதையும் அதில் எழுதுகிறேன். இவை அனைத்தையும்விட முக்கியமானது, தாமதம் வரும் என்று தெரிந்த அன்றே நானே போன் செய்து சொல்லிவிடுவது. பத்து நாள் முன்னதாகச் சொன்னால் வாடிக்கையாளருக்கு மாற்று வழி தேட நேரம் இருக்கும். கடைசி நாளில் போனை எடுக்காமல் இருப்பது, தாமதத்தோடு அவமதிப்பையும் சேர்ப்பதாகும்.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு. நிறத்தைத் தேர்ந்தெடுக்கப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு, முன்பணத்தையும் இழுத்தடித்துவிட்டு, தேதியை மட்டும் மாற்றாமல் கேட்பது நியாயமாகாது. வேலை முடிந்த பின் மீதிப் பணத்தைக் கொடுக்க வசதி இருந்தும் காலம் தாழ்த்துவது அநியாயம் என்கிறது நபிமொழி (புகாரி 2287). முடியாத நாளைச் சொல்லும்வரை விடாமல் நெருக்கிப் பொய்யை வரவழைப்பவர், அந்தப் பொய்யில் தமக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? உண்மையான நாளைச் சொல்லும் கைவினைஞரை விட்டுவிட்டு இனிப்பான நாளைச் சொல்பவரைத் தேடி ஓடும் நம் பழக்கமே இந்தச் சந்தையைக் கெடுத்துவிட்டது. பெருநாள் உடையை ஷஃபான் மாதத்திலேயே கொடுத்துவிட்டால் தையற்காரரின் கடைசிப் பத்து இரவுகளும் இபாதத்துக்கு மிஞ்சும். நேர்மையான காரணத்தோடு அவகாசம் கேட்பவருக்கு அதைக் கொடுப்பதும் நற்செயலே.

பாலாற்றுக்குச் சொன்ன தவணை

தவணை தவறுவது ஒரு வாடிக்கையாளரோடு நிற்பதில்லை என்பதற்கு நம் பகுதியே சாட்சி. தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களை அமைக்குமாறு பல்லாண்டுகள் வற்புறுத்தியும் பலர் செய்யவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இதை வெளிப்படையாகப் பதிவு செய்தது. தோல் தொழில் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகாததாகிவிட்டது என்னும் ஆய்வு முடிவும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 30 வரை கெடு விதிக்கப்பட்டது. நாமாக நிறைவேற்றாத தவணையை நீதிமன்றம் நம்மீது சுமத்த நேர்ந்தது. ஆற்றோரத்து விவசாயிக்கு நாம் எந்த ஒப்பந்தமும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயினும் அண்டை வீட்டாரின் ஹக் என்னும் ஒப்பந்தம் அவருக்கும் நமக்கும் இடையே இருந்தது. ‘அடுத்த ஆண்டு செய்துவிடலாம்’ என்று நாம் தள்ளிய ஒவ்வோர் ஆண்டையும் அவர் கிணறு தாங்கியது.

சிறிய தவணைகளில் பொய்யாகப் பழகிய நாக்கு, பெரிய தவணைகளிலும் அப்படியே பழகிவிடுகிறது. ஆகவே சிறியவற்றிலிருந்தே தொடங்குவோம். அடுத்த முறை ஒருவர், “எப்போது கிடைக்கும்?” என்று கேட்கும்போது ஒரு நொடி நிதானிப்போம். வேலை செய்யப் போகும் கைகளை நினைப்போம். நமக்குத் தெரிந்த உண்மையான நாளைச் சொல்வோம். அதன் பிறகு, மனமார, ‘இன்ஷா அல்லாஹ்’ என்போம்.

சொன்ன சொல்லைக் காக்கும் வணிகர்களாகவும், உண்மையை ஏற்றுக்கொள்ளும் வாடிக்கையாளர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. நம்மால் காலம் வீணாகிப்போன ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கும் துணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.